காசின் பின்பக்கத்து நாற்காலி

ஒன்பது காசிலும் வெட்டு ஒரே இடத்தில் விழுந்திருந்தது. பக்தவச்சலத்துக்கு முதலில் பிடிக்காமல் போனது அதுதான். மண்ணில் புதைந்து கிடந்த சாமான் என்றால் கடப்பாரை பட்டிருக்கும், மண்வெட்டி பட்டிருக்கும். விளிம்பில் ஒன்று, நடுவில் ஒன்று என்று தாறுமாறாகக் காயம் இருக்கும். இங்கே அப்படி இல்லை. காசின் ஒரு பக்கத்தில் பக்கவாட்டில் திரும்பிய ஓர் ஆண் முகம். நீண்ட மூக்கு, தடித்த கழுத்து, தலையைச் சுற்றி இலைக்கொத்து. புருவத்தில் தொடங்கிக் கண்ணை இரண்டாகக் கிழித்துத் தாடை வரை இறங்கியிருந்தது வெட்டு. உளி வைத்துச் சுத்தியால் அடித்தது. வெள்ளி வேலை செய்கிறவனுக்கு இன்னொரு வெள்ளி வேலைக்காரனின் கை தெரியாமல் போகுமா? இரண்டு மூன்று காசுகளில் உளி வழுக்கி, மறுபடி வைத்து, மறுபடி அடித்திருந்தான். ஏதோ அவசரம் அவனுக்கு, இல்லாவிட்டால் கை நடுங்கியிருக்க வேண்டும்.

"இன்னா பத்தரே, பொண்ணு பாக்கற மாதிரி பாத்துக்கினே கீறீங்க?" என்றார் நைனா முகம்மது. மகாபலிபுரத்தில் கடற்கரைக் கோயிலுக்குப் போகிற வழியில் அவருக்குக் கடை. சங்கு, சிப்பி மாலை, பழைய பித்தளைப் பூட்டு, துருப்பிடித்த கப்பல் விளக்கு என்று வெள்ளைக்காரன் ஆசைப்படுகிற எதுவும் அங்கே கிடைக்கும். புதுப்பட்டினத்துக்கு சைக்கிளில் வந்ததில் சட்டை முழுக்க நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

"எங்க ஆப்டுது பாய்?"

"பாலாறு கடல்ல சேர்ற எடத்தாண்ட சவுக்குத் தோப்பு கீதுல்ல? குழி தோண்டசொல்ல ஜாடி ஒண்ணு ஒடஞ்சிது. ரோமாபுரி ராஜா காசாம். காலேஜ் வாத்தியார் ஒருத்தரு பாத்துட்டு ரெண்டாயிரம் வருசத்து சரக்குன்னாரு. அசல் வெள்ளி."

"வெட்டி வச்சிருக்கானே."

"அதான பேஜாரு. மூஞ்சி கிழிஞ்ச ராஜாவ எவன் வாங்குவான்? பொடி வச்சி ஊதி அட்ச்சி, கண்ணு மூக்கு எல்லாம் முன்ன இருந்தாப்பல எட்த்துக் குடுங்க. மொதல்ல ஒண்ணு செய்ங்க. நல்லா வந்துதுன்னா மீதி எட்டு வேலையும் உங்களுக்குத்தான்."

"செரி, மீதிய எட்த்துக்கினு போங்க."

நைனா முகம்மது கையை உதறினார். "நம்ம வூட்ல உருவம் வச்ச சாமான் வைக்கிறதில்ல பத்தரே. வூட்டுக்காரி ஃபக்ருன்னிசா வாசப்படி ஏத்தாது. இங்கியே கெடக்கட்டும். நான் ஒரு நிக்காவுக்கு மதராசு போறேன், வெள்ளிக்கெயம வந்து பாக்கறேன்."

அவர் போன பிறகு பக்தவச்சலம் இருப்பதிலேயே நல்ல காசு ஒன்றைப் புளி போட்டுத் தேய்த்தான். மற்ற எட்டும் பச்சை படிந்த அழுக்கோடு அப்படியே துணியில் கிடந்தன. தேய்த்ததன் மறுபக்கத்தில் ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வலது கையில் நீண்ட கோல், இடது கையில் ஏதோ ஒரு கிளை. உயரமானவள், கொண்டை போட்டவள். அவளுக்கும் பக்கவாட்டு முகம்தான். ராஜாவின் பெண்டாட்டியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

பக்தவச்சலத்தின் வீடு கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்தது. ஓட்டு வீடு, முன்னறையில் பட்டறை, அதன் பின்னால் ஒரு அறை, அப்புறம் அடுப்படி, அவ்வளவுதான். மனைவி சாந்தா பிரசவத்துக்குக் கருங்குழியில் தாய்வீட்டில் இருந்தாள். ஆறு வயது சரோஜா மட்டும் அப்பாவை விட்டு வரமாட்டேன் என்று தரையில் விழுந்து புரண்டு இங்கேயே தங்கிவிட்டாள். முதல் இரண்டு பிள்ளைகளும் பத்து நாள் தாண்டாமல் போன பிறகு தங்கியவள் அவள். அவள் தும்மினால் அவனுக்குக் காய்ச்சல் வரும். மற்றபடி அந்தத் தெருவில் யார் மேலும் அவனுக்கு ஈரம் கிடையாது, தெருவுக்கும் அவன் மேல் கிடையாது. அவனுக்கு வாய் கொஞ்சம் நீளம். பக்கத்து வீட்டு ரத்னா அவன் சுவரோரம் கருவாடு காயப் போட்டாள் என்று முறத்தோடு தூக்கித் தெருவில் கொட்டியதிலிருந்து அவளும் பேசுவதில்லை. எதிர்வீடு அதற்கு முந்தின சண்டை. சாந்தா இருந்தவரை அவள் முகத்துக்காக நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள். அவள் ஊருக்குப் போனதும் அதுவும் நின்றது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. எழுபத்து நாலாம் வருஷத்து அக்கினி நட்சத்திரம் தொடங்கி நாலு நாள் ஆகியிருந்தது. காலை எட்டு மணிக்கே ஓடு சுட்டது. கடலிலிருந்து காற்று வராமல் மீன் செதிலும் சுண்ணாம்புச் சூளைப் புகையும் கலந்த ஒரு வீச்சம் மட்டும் தெருவுக்குள் வந்து அசையாமல் நின்றது. பக்தவச்சலம் வெட்டைச் சுரண்டி வெங்காரம் தடவி, பற்றவைக்கிற வெள்ளிப் பொடியை அதில் நிரப்பினான். காசைக் கரித்துண்டின் மேல் வைத்து ஊதுகுழலை வாயில் வைத்தான். விளக்குச் சுடர் வளைந்து காசின் மேல் படிந்தது. சிவக்கத் தொடங்கியபோது அதற்குள்ளிருந்து மெல்லிசாக ஒரு சத்தம் வந்தது. ஈர விறகு எரியும்போது அதன் முனையில் வருமே, அந்தச் சத்தம். ரெண்டாயிரம் வருஷம் மண்ணில் ஊறியதற்கு ஈரம் இருக்கத்தான் செய்யும் என்று விடாமல் ஊதினான். பொடி உருகி ஓடி வெட்டு மூடியது. சத்தமும் நின்றது.

அப்புறம் அரம், அப்புறம் சிற்றுளி. ராஜாவுக்குப் புருவம் வந்தது, கன்னம் வந்தது. சரோஜா அவனுக்கு இடப்பக்கம் சுவரோரம் உட்கார்ந்து நுங்கை விரலால் தோண்டித் தின்றுகொண்டே ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள்.

"அவரு ஏம்பா அந்தாண்டையே பாக்கறாரு?"

"ராஜான்னா அப்பிடித்தான்."

"நம்ம பக்கம் திரும்ப மாட்டாரா?"

"திரும்பினா காசு செல்லாது. வாய மூடிக்கினு நுங்க துன்னு."

கண் மட்டும் பாக்கி. பக்தவச்சலம் பிழைத்ததே கண்ணால்தான். அம்மன் கோயில்களுக்கு வேண்டிக்கொண்டு சாத்துகிற வெள்ளிக் கண்மலர் செய்ய செங்கல்பட்டிலிருந்துகூட அவனைத் தேடி வருவார்கள். கவசத்து முகத்துக்குக் கண் திறக்கவும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அந்த வேலைக்கு ஒரு முறை உண்டு. கடைசிப் புள்ளி வைக்கும்போது செய்கிறவன் எதிரே இருக்கக் கூடாது. எதிரே கண்ணாடிதான் இருக்க வேண்டும். திறந்த கண் முதலில் தன்னையே பார்த்துக்கொள்ள வேண்டும், அந்த முதல் பார்வையின் உக்கிரம் மனுஷர் மேல் விழக் கூடாது. காசுக்கு எதற்கு இதெல்லாம் என்று அவன் யோசிக்கவே இல்லை. கை தானாகச் செய்தது. அரக்குக் கட்டையில் பதித்த காசைத் தனக்கு முதுகு காட்டித் திருப்பி நிறுத்தினான். எதிரே தண்ணீர்ச் சொம்பின் மேல் கைக்கண்ணாடியைச் சாய்த்தான். கண்ணாடியில் தெரிந்த முகத்தைப் பார்த்தபடியே பின்னாலிருந்து கையை வளைத்து, விழி நடுவில் ஊசிமுனையால் ஒரு புள்ளி வைத்தான்.

சரோஜாவின் பேச்சு நின்றது.

உச்சி வேளை. தெருவில் ஒரு காக்கைகூட இல்லை. நுங்குத் தண்ணீர் முழங்கை வழியாகச் சொட்டிப் பாவாடையை நனைக்க, வாயைத் திறந்தபடி அவள் காசையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடீ?"

"அவரு என்னியப் பாத்துட்டாருப்பா."

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அம்மன் நேரே பார்க்கிறவள். அதற்காகத்தான் கண்ணாடியை எதிரே வைப்பது. இவன் பக்கவாட்டில் பார்க்கிறவன். கண்ணாடிக்கும் அவன் பார்வைக்கும் சம்பந்தமே இல்லை. அந்த மூக்கு நீண்ட திசையில், இரண்டு முழ தூரத்தில் இருந்தது சரோஜா. சீ, செத்துப்போன எவனோ ஒரு ராஜா, இவனுக்கு என்ன உக்கிரம் என்று தன்னையே அதட்டிக்கொண்டு காசை அரக்கிலிருந்து எடுத்து டப்பாவில் போட்டு மூடினான்.

அன்று சாயங்காலம் சரோஜா சாப்பிடவில்லை. வயிற்றில் சூடு ஏறியிருக்கும் என்று மோர் கரைத்துக் கொடுத்தான். அதையும் வாங்கவில்லை. எதற்கும் அவனை நேராகப் பார்க்காமல் வலது கன்னத்தையே காட்டிக்கொண்டிருந்தாள். கோபமாக்கும் என்று விட்டுவிட்டான்.

புதன்கிழமை நண்பகலில் பின்னறையிலிருந்து சத்தம் கேட்டது. மரக்கால் ஒன்று சிமெண்டுத் தரையில் இழுபடுகிற சத்தம். க்ரீச் என்று கொஞ்ச தூரம், அப்புறம் நிறுத்தம், அப்புறம் இன்னும் கொஞ்ச தூரம். யாரோ நாற்காலியைத் தங்களுக்கு வசதியாக இழுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். பக்தவச்சலம் அரத்தைக் கீழே வைத்தான். அவன் வீட்டில் நாற்காலி கிடையாது. அவன் அப்பன் காலத்திலும் கிடையாது. பாயும் பலகையும் ஒரு டிரங்குப் பெட்டியும்தான்.

எழுந்து போய்ப் பார்த்தான். அந்தப் பெட்டியின் மேல் சரோஜா உட்கார்ந்திருந்தாள். முதுகு கம்பி மாதிரி நேராக இருந்தது. முகம் சுவரைப் பார்த்துப் பக்கவாட்டில் திரும்பியிருந்தது. வலது கையில் ஒட்டடைக் கொம்பைச் செங்குத்தாகப் பிடித்திருந்தாள். இடது கையில் ஒரு வேப்பங்கொத்து. அறை முழுவதும் ஈர மண்ணும் பழைய கடல் தண்ணீரும் கலந்த வாசனை, வெகு நாள் மூடிக் கிடந்த ஜாடியைத் திறந்ததுபோல.

"இன்னாடீ வெளாட்டு இது? எறங்கு."

அவள் இறங்கவில்லை. கொம்பைப் பிடுங்கினான். விரல்கள் ஒவ்வொன்றாகத்தான் பிரிந்தன. குளிர்ந்திருந்தன. அக்கினி நட்சத்திரத்து நண்பகலில், ஓட்டு வீட்டுக்குள், குழந்தையின் கை குளிர்ந்திருந்தது. காசின் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு அதேபோல உட்கார்ந்து விளையாடுகிறாள், குழந்தைதானே என்று நினைத்துப் பார்த்தான். ஆனால் அவன் அந்தப் பக்கத்தை அவளுக்குக் காட்டியதே இல்லை. நேற்றும் அரக்கில் அதுதான் அடியில் பதிந்திருந்தது.

வாசலுக்கு வந்து மூச்சு வாங்கினான். கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்த ரத்னா நிமிர்ந்தாள். சண்டையையும் மறந்து அவளாகவே பேசினாள்.

"யோவ் பத்தரே, ஒன் பொண்ணுக்கு இன்னா வந்துச்சி? காலைல தண்ணி தூக்க வந்தேன், ஜன்னல்ல நின்னுக்கினு கீது. சரோசா, சரோசான்னு கூப்ட்றேன், மூஞ்சியத் திருப்பவே இல்ல. நானும் அந்தாண்ட போயி, அது பாக்கற பக்கமா நின்னு பாத்தேன்."

"பாத்து?"

"அது கொயந்த பாக்கற பார்வ இல்லய்யா. எம்மாம் நாளா காத்துக்கினு இருந்தவ பாக்கற மாதிரி கீது. எங்கனா கூட்டிக்கினு போ."

"நீயும் கொஞ்சம் கூட வாயேன்."

"நான் வரமாட்டேன்" என்று அவள் முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வியாழக்கிழமை அவளைக் கருங்குழிக்குக் கொண்டுபோய்த் தாயிடம் விட்டுவிடுவது என்று முடிவு செய்தான். பத்து மணிக்குக் கிளம்பினார்கள். சரோஜா முரண்டு பிடிக்கவில்லை. அவன் விரலைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கடைத்தெரு தாண்டியது. கல்பாக்கத்துக் கட்டட வேலைக்குப் போகிற லாரிகள் மண்ணை வாரி இறைத்துக்கொண்டு போயின. புளியமரம் தாண்டியதும் அவன் பிடித்திருந்த கை லேசாகிவிட்டதுபோல இருந்தது. இன்னும் பத்தடி போனான். கை லேசாகத்தான் ஆகிக்கொண்டிருந்தது. சதை இருந்த இடத்தில் குளிர்ந்த மெல்லிய தகடு. இருபது வருஷமாகத் தகட்டை விரலில் வைத்து கனம் சொல்கிறவன் அவன். பஸ் ஸ்டாண்டு தெரிகிற இடத்தில் அந்தக் கை காகிதக் கனம்தான் இருந்தது. குனிந்து பார்க்கும் தைரியம் வரவில்லை. பஸ் நின்றுகொண்டிருந்தது, கண்டக்டர் மதுராந்தகம், கருங்குழி என்று கத்திக்கொண்டிருந்தான்.

"அப்பா." காலடியிலிருந்து வந்த குரல் தொலைவில் இருந்தது. "அப்பா, நான் தேஞ்சிக்கினே போறம்ப்பா."

அவளை வாரித் தூக்கிக்கொண்டு வீட்டைப் பார்த்து ஓடினான். ஓட ஓடக் கனம் திரும்பி வந்தது. கடைத்தெருவில் இடுப்பு கனத்தது, வாசலில் மூச்சு முட்டியது. முன்னறையில் காசு இருந்த டப்பாவுக்குப் பக்கத்தில் போய் நின்றபோது அவள் பழையபடி ஆறு வயதுப் பெண்ணின் கனத்தில் இருந்தாள். பக்தவச்சலம் அவளைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதான். அவன் தோள் மேல் கிடந்த முகம் அப்போதும் பக்கவாட்டில்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

அவளைப் பின்னறையில் பாயில் படுக்கவைத்துவிட்டு டப்பாவைத் திறந்தான். வேலைக்கு வைத்திருந்த பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டான். ராஜா அப்படியே இருந்தான். பக்தவச்சலம் திறந்துவைத்த கண் அவன் செய்ததைவிட நன்றாக இருந்தது, இமை வந்திருந்தது. காசைத் திருப்பினான்.

நாற்காலிக்காரி எழுந்துகொண்டிருந்தாள்.

கோலைத் தரையில் ஊன்றியிருந்தாள். கிளையைப் போட்டுவிட்டு அந்தக் கையால் நாற்காலியின் பிடியைப் பற்றியிருந்தாள். முதுகு வளைந்து உடம்பு முன்னால் வந்திருந்தது. ஒரு கால் காசின் ஓர வளையத்தின் மேலேயே இருந்தது, வாசற்படியில் வைத்தது போல.

அவனுக்கு எல்லாம் ஒரேயடியாகப் புரிந்துபோனது, அல்லது புரிந்ததாக நினைத்தான். அந்த வெட்டு காயமில்லை, தாழ்ப்பாள். ராஜாவின் கண் திறந்திருந்தால் இவள் வெளியே வருவாள். அதனால்தான் அந்தக் காலத்தில் எவனோ கை நடுங்க நடுங்க வெட்டினான். தாழ்ப்பாளை அரம் போட்டுத் தேய்த்து எடுத்தது இவன்தான். இவள் வெளியே வருவதற்குள் மறுபடி போட வேண்டும். போட்டால் சரோஜாவை விட்டுவிடுவாள்.

பெரிய உளியைத் தேடினான். காணவில்லை. பெட்டியைக் கவிழ்த்தான். குறடு, சாமணம், அச்சு, கம்பி. பின்னறையில் க்ரீச் என்று நாற்காலி பின்னால் தள்ளப்பட்டது. உளி எங்கே? அடுப்படியில் தேங்காய் உடைக்க எடுத்துப் போயிருந்தான். ஓடினான். எடுத்தான். பின்னறையில் காலடிச் சத்தம். ஒன்று. இரண்டு. வெறுங்கால் தரையில் படிகிற சத்தம். மூன்று. அப்புறம் ஒன்றுமில்லை. பட்டறைக் கல்லின் மேல் காசை வைத்தான். முகம் மேலே, நாற்காலி கீழே. கை நடுங்கியது. உளி வழுக்கியது. மறுபடி வைத்தான். புருவத்தில். அடித்தான். மறுபடி. மறுபடி.

கண் கிழிந்தது.

வீடு அமைதியானது. காற்று வந்தது. ஐந்து நாளாக வராத கடல் காற்று ஜன்னல் வழியாக வந்து சுவரிலிருந்த காலண்டரைத் தூக்கிப் போட்டது. ஜாடி வாசனை போய்விட்டது.

"அப்பா."

பின்னறை வாசலில் சரோஜா நின்றாள். நேராக அவனைப் பார்த்தாள். இரண்டு கண், இரண்டு கன்னம், முழு முகம். பக்தவச்சலம் உளியைப் போட்டுவிட்டு முழங்காலில் விழுந்து அவளைக் கட்டிக்கொண்டான். சூடான உடம்பு. சரியான கனம். "எங்கண்ணு, எந்தங்கம்" என்று என்னென்னவோ உளறினான்.

"பசிக்குது" என்றாள்.

பழைய சோற்றைப் பிசைந்து ஊட்டினான். ஒரு கிண்ணம், இரண்டு கிண்ணம். பானையைக் காலி செய்தாள். ஒவ்வொரு வாய்க்கும் கண்ணை மூடிக்கொண்டு, மென்று மென்று, ருசியை விடாமல் தின்றாள். ஜன்னலில் விழுந்த வெயிலில் கையை நீட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். குழந்தை பிழைத்து வந்த சந்தோஷத்தில் அவனுக்கு எதுவும் தப்பாகப் படவில்லை.

"ரெண்டு நாளா ஒரு வாய் துன்னல, பாவம்" என்றான்.

"ரெண்டு நாளா?" என்று அவள் சிரித்தாள். எழுந்து பின்னறைக்குப் போய், டிரங்குப் பெட்டியைச் சுற்றிக்கொண்டு நடந்து, அதில் உட்காராமல் தரையில் காலை நன்றாக நீட்டிப் படுத்துக்கொண்டாள். உட்கார்ந்தே அலுத்தவர்கள் படுப்பதுபோல அப்படி ஒரு பெருமூச்சு விட்டாள்.

பக்தவச்சலம் முன்னறைக்குத் திரும்பி வந்தான். சாமான்களைப் பொறுக்கினான். பூதக்கண்ணாடியை மறுபடி கண்ணில் இடுக்கிக்கொண்டு காசைக் கல்லிலிருந்து எடுத்தான். திருப்பக் கூடாது என்றுதான் நினைத்தான். திருப்பினான்.

நாற்காலி காலியாக இல்லை. சின்ன உருவம். கால் தரைக்கு எட்டாமல் தொங்கியது. இரட்டைப் பின்னல், ரிப்பன். பாவாடை முழங்காலில் சுருண்டிருந்தது. கோலும் இல்லை, கிளையும் இல்லை. இரண்டு கையாலும் நாற்காலியின் பிடியைப் பிடித்திருந்தாள். முகம் பக்கவாட்டில் இல்லை. நேராக இருந்தது, அவனைப் பார்த்து. வாய் பெரிதாகத் திறந்திருந்தது.

கத்துகிறாள். சத்தம் வரவில்லை.

மற்ற எட்டையும் துணியிலிருந்து கொட்டிப் புளியால் வெறிகொண்டு தேய்த்தான். ஒன்றில் நாற்காலியில் கூன் விழுந்த கிழவன் இருந்தான். ஒன்றில் வயிற்றுப் பிள்ளைக்காரி. ஒன்றில் மீன் கூடையை மடியில் வைத்திருந்த பெண். ஒன்றில் காலில் தண்டை போட்ட சிறுமி. ரோமாபுரியில் ஏது தண்டை? எல்லாரும் இந்தக் கரைக்காரர்கள். எல்லாரும் வாயைத் திறந்திருந்தார்கள். ஒவ்வொருவரையும் உள்ளே வைத்து, நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு, எவனோ ஒருவன் கை நடுங்க நடுங்க வெட்டியிருக்கிறான்.

தாழ்ப்பாள் சரிதான். யார் உள்ளே, யார் வெளியே என்று பார்க்காமல் போட்டுவிட்டான்.

மறுபடி அடைக்க வேண்டும். வெட்டை மூட வேண்டும், கண்ணைத் திறக்க வேண்டும், அவ்வளவுதானே? ஒரு மணி நேர வேலை. வெங்காரத்தை எடுத்தான், பாதி தரையில் கொட்டியது. பொடியை நிரப்பினான். சாமணத்தால் காசைத் தூக்கி, நாற்காலி தன் பக்கம் தெரிய, கரித்துண்டின் கீறலில் செங்குத்தாக நிறுத்தினான். விளக்கை ஏற்றினான். ஊதுகுழலை வாயில் வைத்தான்.

அங்கே நின்றுவிட்டான்.

காசு சிவந்தால்தான் பொடி உருகும். பொடி உருகினால்தான் வெட்டு மூடும். செவ்வாய்க்கிழமை காலை கேட்ட சத்தம் காதுக்குள் மறுபடி வந்தது. ஈரமில்லை அது. அது ஈரமில்லை.

பின்னால் வெறுங்கால் ஒலி. சரோஜாவின் எண்ணெய்த் தலை வாசனை. சின்னக் கை ஒன்று அவன் தோளில் வந்து அமர்ந்தது.

"இன்னா, ஊதலியா?"

அவன் திரும்பவில்லை.

"எனக்கும் அப்பிடித்தான் சுட்டுச்சி" என்றது அந்தக் குரல், அவன் மகள் குரல். "நான் கத்தசொல்ல நீ நிறுத்தல. ஊதுப்பா. அவள வெளிய எடுக்கணும்னா ஊதித்தான் ஆவணும்."

மூச்சு தானாக வெளியே வந்தது. பிடித்து வைக்க முயன்றும் நடுங்கி நடுங்கி வந்தது. சுடர் வளைந்தது. கரி மெல்லச் சிவந்தது. பூதக்கண்ணாடிக்குள் காசின் கீழ் விளிம்பு நிறம் மாறியது.

நாற்காலியில் இருந்தவள் தொங்கிய கால் இரண்டையும் மேலே தூக்கி மடக்கிக்கொண்டாள்.